டாஸ்க் ஏன் சிவப்பானது? ஏஐ வரையும் ப்ராஜெக்ட் சார்ட்டும் காணாமல் போகும் முதல் தேதியும்

திங்கட்கிழமை காலை ஸ்டேட்டஸ் கால். ஸ்க்ரீன் ஷேரில் நீளநீளமாகப் பட்டைகள். சில பச்சை, சில மஞ்சள். உங்கள் பெயருக்கு நேராக இருப்பது மட்டும் சிவப்பு. "இது ஏன் ரெட்ல இருக்கு?" என்று கேள்வி வருகிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். க்ளையன்ட் தர வேண்டிய அக்சஸ் நாலு நாள் லேட்டாக வந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு அந்தச் சார்ட்டில் இடமே இல்லை. மியூட்டை எடுத்துவிட்டு நீங்களாகத்தான் சொல்ல வேண்டும். சொன்னாலும் அது மினிட்ஸில் ஏறுமா என்பது வேறு கதை.

இந்தப் பட்டைப் படத்துக்குப் பெயர் கேன்ட் சார்ட். எந்த வேலை, யார் கையில், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்பதை இடமிருந்து வலமாக நீட்டிக் காட்டும் படம். ஐடி கம்பெனி முதல் மேம்பாலம் கட்டும் ஒப்பந்ததாரர் வரை இதை வைத்துத்தான் தேதி பேசுகிறார்கள். இதை வரைந்து தரும் மென்பொருள்களில் கடந்த இரண்டு ஆண்டுகளாகப் பெரிய மாற்றங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. ஒரு பக்கம், 'என்ன செய்யணும்னு சொல்லுங்க, ப்ளானை நான் போடுறேன்' என்கிறது ஏஐ. இன்னொரு பக்கம், உலகம் முழுவதும் பல நிறுவனங்களின் திட்டத் தேதிகளைச் சுமந்துகொண்டிருந்த மைக்ரோசாஃப்டின் 'ப்ராஜெக்ட் ஆன்லைன்' சேவைக்கு 2026 செப்டம்பர் 30 கடைசி நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

மென்பொருளை யார் வாங்குவது என்பது மேலிடம் பார்த்துக்கொள்ளும் விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டையில் பெயர் இருப்பது உங்களுக்கு. அதனால் எந்த அம்சம் உங்களுக்கு உதவும், எது உங்கள் வார இறுதியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மைக்ரோசாஃப்ட் எதை மூடுகிறது, எதை வைத்துக்கொள்கிறது?

இங்கே பெயர்க் குழப்பம் ரொம்ப அதிகம். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் 1984-ல் டாஸ் காலத்திலேயே வந்த மென்பொருள். கம்ப்யூட்டரில் நிறுவிப் பயன்படுத்தும் அந்த டெஸ்க்டாப் ப்ராஜெக்ட் இப்போதும் இருக்கிறது, தொடரவும் போகிறது. நிறுத்தப்படுவது அதன் க்ளவுட் அண்ணன் 'ப்ராஜெக்ட் ஆன்லைன்'. ஒரே நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான திட்டங்களை ஒரே இடத்தில் வைத்து, யார் எந்த வாரம் எத்தனை மணி நேரம் எந்த வேலையில் என்று பார்ப்பதற்கான சேவை அது. சொந்த சர்வரில் இயங்கும் 'ப்ராஜெக்ட் சர்வர்' 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவும் 2026 ஜூலை 14-ம் தேதியோடு முடிகிறது. சந்தா முறையில் வரும் சர்வர் பதிப்பு மட்டும் மிஞ்சும்.

இது போக, 2019-ல் 'ப்ராஜெக்ட் ஃபார் தி வெப்' என்று ஒன்று வந்தது. அதற்கு முன்பே எளிமையான வேலைப் பலகையாக 'ப்ளானர்' இருந்தது. 2024-ல் இவற்றையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, அந்தக் குடைக்கும் 'ப்ளானர்' என்றே பெயர் வைத்தார்கள். டீம்ஸ் உள்ளேயே திறக்கும். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண ப்ளானரில் பலகையும் பட்டியலும் உண்டு. பட்டைகள் வரும் டைம்லைன், ஒரு வேலையை இன்னொன்றோடு கட்டும் டிபெண்டன்சி, க்ரிட்டிக்கல் பாத் ஆகியவை வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் மட்டும்தான் இப்படி என்று சொல்ல முடியாது. இந்தத் துறையில் பட்டை வரைவது மலிவு, பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் கணக்குதான் விலை.

ஏஐ போடும் ப்ளான்: எவ்வளவு நம்பலாம்?

2024 நவம்பரில் நடந்த இக்னைட் மாநாட்டில், ப்ளானருக்குள் இயங்கும் 'ப்ராஜெக்ட் மேனேஜர் ஏஜென்ட்' ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இலக்கை எழுத்தில் கொடுத்தால் அது வேலைகளாகப் பிரித்துத் தரும். சில வேலைகளைத் தானே செய்தும் காட்டும். ஜிராவிலும் பெரிய வேலையைச் சிறு வேலைகளாக உடைத்துத் தரும் ஏஐ வந்துவிட்டது. ஆசானா, மண்டே, க்ளிக்கப் என்று இந்தச் சந்தையில் இருக்கும் மற்றவர்களும் ஏஐ-யை முன்னால் வைத்துத்தான் விளம்பரம் செய்கிறார்கள்.

இதை முழுசாகக் கேலி செய்ய வேண்டியதில்லை. வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதைவிட, முப்பது வரி கொண்ட ஒரு முதல் வரைவு கையில் இருப்பது வசதி. 'செக்யூரிட்டி ரிவ்யூவை மறந்துட்டோமே' என்று நினைவூட்டும். புதிதாக லீட் ஆனவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும்.

சிக்கல் தேதியில்தான் வருகிறது. 'இன்டெக்ரேஷன் டெஸ்டிங்: 3 நாள்' என்று ஏஐ எழுதினால், அந்த 3 எங்கிருந்து வந்தது? உங்கள் டீமில் டெஸ்டர் ஒருவர்தான், அவரும் பாதி நேரம் வேறு ப்ராஜெக்ட்டில் இருக்கிறார், நடுவில் பொங்கல் லீவு வருகிறது என்பது நீங்கள் கொடுக்காத வரை அதற்குத் தெரியாது. இப்படிப்பட்ட வேலைகளுக்கு வழக்கமாக எழுதப்படும் எண்ணை அது எழுதுகிறது. மனிதர்களும் கையால் குத்துமதிப்பாகத்தான் போடுவோம், இல்லையா? ஆமாம். ஆனால் மனிதர் போட்டால் "யாரு இந்த 3 நாள் சொன்னது?" என்று கேட்க ஒரு ஆள் இருப்பார். ஏஐ போட்ட எண்ணுக்கு அப்பன் பெயர் தெரியாது. பளிச்சென்று சார்ட்டில் வந்துவிட்டால், அடுத்த மீட்டிங்கில் அதுவே 'நாம ஒத்துக்கிட்ட தேதி' ஆகிவிடும்.

வேலைக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கணிக்கும்போது குறைத்தே மதிப்பிடுவது மனித இயல்பு என்று டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். 'ப்ளானிங் ஃபேலசி' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அவர்கள் சொன்ன மருந்து எளிமையானது: இந்த வேலையை மனதில் ஓட்டிப் பார்க்காதே, இதைப் போன்ற பழைய வேலைகள் நிஜத்தில் எவ்வளவு நாள் எடுத்தன என்று பார். உங்கள் கம்பெனியின் பழைய ப்ராஜெக்ட்களில் 'ப்ளான் போட்டது இவ்வளவு, ஆனது இவ்வளவு' என்ற கணக்கு பத்திரமாக இருந்தால், ஏஐ-க்கு அதைக் கொடுத்துக் கேட்பது உருப்படியான யோசனை. அந்தக் கணக்கு பெரும்பாலும் இருப்பதில்லை என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

நூறு வருஷத்துக்கு முன் இருந்த ஒரு எழுத்து

கேன்ட் சார்ட் என்ற பெயர் அமெரிக்க இன்ஜினீயர் ஹென்றி கேன்ட்டிடமிருந்து வந்தது. 1910-களில் தொழிற்சாலைகளுக்காக இதை உருவாக்கினார். போலந்து இன்ஜினீயர் கரோல் ஆடமியெட்ஸ்கி 1896-லேயே இதே போன்ற படம் போட்டிருந்தார், ஆனால் பெயர் கேன்ட்டுக்குப் போய்விட்டது. முதல் உலகப் போரில் கப்பல் கட்டும் வேலைகளையும் வெடிமருந்து உற்பத்தியையும் கண்காணிக்க அமெரிக்காவில் இந்தச் சார்ட்கள் பயன்பட்டன. கேன்ட் 1919-ல் இறந்தார். அவரோடு வேலை பார்த்த வாலஸ் கிளார்க் 1922-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அந்தப் பழைய சார்ட்களைப் பார்த்தால் ஒரு ஆச்சரியம். தொழிலாளி ஒருவர் அன்றைய இலக்கை முடிக்கவில்லை என்றால், விடுபட்ட இடத்தில் ஒரு ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். 'எம்' என்றால் மெட்டீரியல் வரவில்லை. 'ஆர்' என்றால் இயந்திரம் ரிப்பேர். 'டி' என்றால் கருவியில் கோளாறு. 'ஜி' என்றால் ஆள் வேலைக்குப் புதுசு. ஆள் மெதுவாக வேலை செய்தார் என்றால் அதற்கும் தனி எழுத்து உண்டு. அதாவது, தாமதம் என்று காட்டுவதோடு படம் நிற்கவில்லை. தாமதம் யார் பக்கத்தில் என்பதையும் சொன்னது. மெட்டீரியல் கொண்டுவந்து தராதது மேனேஜ்மென்ட்டின் பிரச்னை, அதைத் தொழிலாளியின் கணக்கில் எழுதக் கூடாது என்பது அந்த எழுத்துக்குள் இருந்தது.

இதைப் படித்துவிட்டு கேன்ட்டைத் தொழிலாளர் தோழர் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளந்த ஃப்ரெடரிக் டெய்லரின் ஆள் அவர். அவருக்குத் தேவைப்பட்டது உற்பத்தி. உற்பத்தி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கக் காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஒரு எழுத்துக்கான இடத்தை இன்றைய பளபளப்பான டாஷ்போர்டுகள் தொலைத்துவிட்டன. நமக்கு மிஞ்சியது சிவப்பு.

அந்தச் சிவப்பும் எப்படி வருகிறது? பெரும்பாலான செயலிகளில் இப்போது சார்ட்டில் இருக்கும் தேதியையும் இன்றைய தேதியையும் ஒப்பிட்டுத்தான். அதனால் முடிவுத் தேதியைப் பிடித்து வலது பக்கம் இழுத்துவிட்டால் போதும், சிவப்பு பச்சையாகிவிடும். 'ப்ராஜெக்ட் ஆன் ட்ராக்' என்று ரிப்போர்ட் போகும். தாமதம் நடந்ததற்கான தடயமே இருக்காது. அதற்குத்தான் பேஸ்லைன்.

பேஸ்லைன், க்ரிட்டிக்கல் பாத்: ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு சின்ன ஆப்பில் பேமென்ட் பக்கம் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவைகளை எழுதி முடிக்க 3 வேலை நாள். அதன் பிறகு இரண்டு பேர் தனித்தனியாகக் கிளம்பலாம். ஒருவர் பேக்எண்ட், 10 நாள். இன்னொரு பக்கம் டிசைன் 4 நாள், அதை வைத்து ஃப்ரன்ட்எண்ட் 4 நாள். இரண்டும் முடிந்ததும் சேர்ப்பதற்கு 3 நாள், டெஸ்டிங்குக்கு 5 நாள்.

பேக்எண்ட் வழியாகப் போனால் 3, 10, 3, 5. மொத்தம் 21 நாள். டிசைன் வழியாகப் போனால் 3, 4, 4, 3, 5. மொத்தம் 19 நாள். நீளமான வழிதான் ப்ராஜெக்ட் எப்போது முடியும் என்பதைத் தீர்மானிக்கும். அதற்குப் பெயர் க்ரிட்டிக்கல் பாத். அந்த வழியில் ஒரு நாள் தவறினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். ஃப்ரன்ட்எண்ட் ஆளுக்கு மட்டும் 2 நாள் கையிருப்பு. அதை ஃப்ளோட் அல்லது ஸ்லாக் என்பார்கள். கேன்ட்டின் பழைய படத்தில் இந்தக் கணக்கு கிடையாது. 1950-களின் கடைசியில், டூபான்ட் கம்பெனி தன் ரசாயன ஆலை வேலைகளுக்காக ரெமிங்டன் ரேண்ட் ஆட்களோடு சேர்ந்து உருவாக்கியது. அதே சமயம் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்ற சகோதர முறையைக் கொண்டுவந்தது. இன்றைய மென்பொருள்கள் பட்டைகளுக்கு நடுவில் போடும் அம்புக்குறிகள் அந்த வம்சம்.

இப்போது நிஜ வாழ்க்கை. பேமென்ட் நிறுவனம் தர வேண்டிய டெஸ்ட் அக்சஸ் 4 நாள் லேட். பேக்எண்ட் 4-ம் நாள் தொடங்குவதற்குப் பதில் 8-ம் நாள் தொடங்குகிறது. டிபெண்டன்சி சரியாகக் கட்டியிருந்தால் மென்பொருள் எல்லாவற்றையும் தானாகத் தள்ளும். டெஸ்டிங் 17-ம் நாளுக்குப் பதில் 21-ம் நாள் தொடங்கி 25-ம் நாள் முடியும். மூன்று விஷயங்கள் இங்கே நடக்கலாம்.

முதலாவது, யாரும் பேஸ்லைன் எடுத்து வைக்கவில்லை. சார்ட் அழகாக 25 நாள் காட்டுகிறது. ஒரு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு, முதலில் இருந்தே 25 நாள்தான் திட்டம் என்று தோன்றும். அல்லது, முதல் மெயிலில் 21 என்று படித்த மேலதிகாரிக்கு, டெஸ்டிங் டீம் 4 நாள் இழுத்தடித்துவிட்டது என்று தோன்றும். கடைசியில் இருப்பவர் தலையில்தானே எப்போதும் விடியும்?

இரண்டாவது, முடிவுத் தேதி அசையக் கூடாது என்று மேலிடம் பிடிவாதம். '21-ம் நாள் கோ-லைவ், க்ளையன்ட்கிட்ட சொல்லியாச்சு.' அப்படியானால் 5 நாள் டெஸ்டிங்குக்கு மிஞ்சுவது ஒரே ஒரு நாள். சார்ட்டில் அது ஒரு குட்டிப் பட்டை. நிஜத்தில் ஒரு டெஸ்டரின் சனி, ஞாயிறு, அதன் பிறகு ப்ரொடக்‌ஷனில் வெடிக்கும் பிழைகள்.

மூன்றாவது, முதல் நாளே பேஸ்லைன் எடுத்து வைத்திருக்கிறார்கள். பேஸ்லைன் என்றால் ஒத்துக்கொண்ட தேதிகளின் புகைப்படம், அவ்வளவுதான். பிறகு தேதிகள் நகர்ந்தாலும் பழைய பட்டை சாம்பல் நிறத்தில் கீழேயே நிற்கும். பேக்எண்ட் தொடக்கமே 4 நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் தொடங்கிய பிறகு அதே 10 நாளில் முடிந்திருக்கிறது, டெஸ்டிங்கும் அதே 5 நாள்தான் என்று ஒரே பார்வையில் தெரியும். யாரும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. கூடவே இன்னொன்றும் தெரியும். ஃப்ரன்ட்எண்ட் ஆளின் 2 நாள் ஃப்ளோட் இப்போது 6 நாள் ஆகியிருக்கிறது. டெஸ்ட் கேஸ் எழுத அவரைக் கேட்கலாமே!

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் டெஸ்க்டாப்பில் இப்படி 11 பேஸ்லைன் வரை சேமிக்கலாம். பேஸ்லைனைத் தொட்டுப் பார்க்காமலே பல ஆண்டுகள் அந்த மென்பொருளில் ஓட்டிய டீம்களும் உண்டு. காரணம் சோம்பல் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்தான். முதல் தேதி கண் முன்னால் நிற்பது சிலருக்கு வசதியாக இருப்பதில்லை.

இதே விளையாட்டு அரசாங்க அளவிலும் நடக்கிறது

150 கோடி ரூபாய்க்கும் அதிகமான மத்திய அரசுத் திட்டங்களை மத்திய புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் கண்காணிக்கிறது. சாலை, ரயில், மின்சாரம், பெட்ரோலியம் என்று எல்லாம் அதில் வரும். 2024 மார்ச் மாத அறிக்கையில் 1,873 திட்டங்கள் இருந்தன. அவற்றில் 779 தாமதம். நில எடுப்பு, வனம் மற்றும் சுற்றுச்சூழல் அனுமதி போன்ற காரணங்களையும் அறிக்கை பட்டியலிடும். அந்த வகையில், ஐடி கம்பெனி டாஷ்போர்டைவிட அரசாங்க அறிக்கை மேல்!

ஆனால் அந்த அறிக்கைகளில் வழக்கமாக ஒரு வாக்கியம் வரும். 'கடைசியாகத் திருத்தப்பட்ட கால அட்டவணைப்படி கணக்கிட்டால், தாமதமான திட்டங்களின் எண்ணிக்கை குறையும்' என்பது அதன் சாரம். படித்ததும் சிரிப்பு வரலாம். தேதியைத் திருத்திவிட்டு, திருத்திய தேதியோடு ஒப்பிட்டால் தாமதம் குறையத்தானே செய்யும்? இருந்தாலும் இரண்டு எண்களையும் சேர்த்துப் போடுகிறார்களே, அது முக்கியம். முதல் தேதி அழிக்கப்படவில்லை. பத்திரிகைகள் கேள்வி கேட்க முடிவதும் அதனால்தான்.

பெரிய கட்டுமான நிறுவனங்களில் இது பணப் பிரச்னை. ஒரு மெட்ரோ வேலையோ மின் நிலையமோ தள்ளிப்போனால், தாமதம் நிலம் தராத அரசு பக்கமா, கான்க்ரீட் போடாத ஒப்பந்ததாரர் பக்கமா என்பதை வைத்து அபராதமும் கால நீட்டிப்பும் முடிவாகும். அங்கே அதிகம் ஓடுவது ப்ரைமவேரா. 1983-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தை 2008-ல் ஆரக்கிள் வாங்கியது. அதில் பேஸ்லைன் இல்லாமல் ஒப்பந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். வழக்கு வந்தால் முதலில் கேட்கப்படும் ஆதாரமே அதுதான். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் பணம் என்றால் முதல் தேதியை இவ்வளவு பத்திரமாக வைக்கத் தெரிகிறது. ஒரே கம்பெனிக்குள் ஒரு ஜூனியரின் அப்ரைசல் என்றால் மட்டும் மறந்துபோகிறது.

தானாக நகரும் பட்டை, நகராத பட்டை

இன்னொரு பொறியும் உண்டு. ப்ராஜெக்ட் 2010 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் 'மேனுவல் ஷெட்யூலிங்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. எக்செல் மாதிரி, நீங்கள் போட்ட தேதி போட்ட இடத்திலேயே நிற்கும். புதிதாகச் சேர்க்கும் வேலைகள் மாற்றாத வரை இந்த மேனுவல் முறையில்தான் விழும். ஆரம்பத்தில் தோராயமாக வரைந்து பார்க்க வசதிதான். பிறகு முன்னால் இருக்கும் வேலை ஒரு வாரம் தள்ளினாலும், பின்னால் இருக்கும் உங்கள் பட்டை பழைய இடத்திலேயே நிற்கும். சார்ட்டில் பார்த்தால் நீங்கள் புதன்கிழமை தொடங்க வேண்டும். உங்களுக்கு வர வேண்டிய ஃபைல் வருவதோ அடுத்த செவ்வாய். புதன்கிழமை முதல் நீங்கள் 'லேட்'.

அதனால் சார்ட்டைத் திறந்ததும் உங்கள் வேலைக்கு முன்னால் அம்புக்குறி வருகிறதா, அந்த வேலை தானியங்கி முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அம்புக்குறி இல்லாத பட்டை வெறும் காலண்டர் என்ட்ரி.

டெட்லைன் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். 'இந்தத் தேதிக்குள் முடிய வேண்டும்' என்பதை டெஸ்க்டாப் ப்ராஜெக்ட்டில் இரண்டு விதமாகக் குறிக்கலாம். டெட்லைன் என்று குறித்தால் ஓரத்தில் ஒரு சின்ன அம்பு வரும், பட்டை நிஜக் கணக்குப்படி நகரும், தாண்டினால் எச்சரிக்கை காட்டும். 'இந்தத் தேதியிலேயே முடிந்தாக வேண்டும்' என்று பூட்டிவிட்டால் பட்டை அசையாது, கணக்கு பொய்யாகிவிடும். முதலாவது உண்மையைச் சொல்கிற அலாரம். இரண்டாவது முள்ளை நகரவிடாமல் பிடித்துவைத்த கடிகாரம். மேலிடத்துக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒரு பக்கச் சுருக்கமும் இப்போது எல்லா மென்பொருளிலும் வந்துவிட்டது. ஐநூறு வரி திட்டத்தை ஒரே ஸ்லைடில், நாலு மைல்ஸ்டோனோடு, கலர்கலராகக் காட்டும். அதே 2010 பதிப்பில் வந்த டைம்லைன் வியூவை அப்படியே பவர்பாயின்ட்டில் ஒட்டலாம். இப்போது ஏஐ அதற்கு இரண்டு வரி விளக்கமும் எழுதித் தருகிறது. க்ளையன்ட்டுக்குப் போவது இந்த ஸ்லைடுதான். சுருக்கும்போது முதலில் உதிர்வது காரணங்கள். 'டெஸ்டிங் தாமதம், 4 நாள்' என்று எழுத நாலு சொல் போதும். ஏன் என்று எழுத இன்னும் இரண்டு வரி ஆகும், ஸ்லைடில் இடம் இருக்காது. ஏஐ எழுதும் சுருக்கமும் சார்ட்டில் இருப்பதை வைத்துத்தான் வரும். காரணத்தை யாரும் பதிவு செய்யவில்லை என்றால் அதனால் எழுத முடியாது. அல்லது, இன்னும் மோசமாக, பொருத்தமான ஒரு காரணத்தை அதுவே எழுதி வைக்கும்.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது?

பேஸ்லைன் எடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் ப்ராஜெக்ட் மேனேஜரிடம்தான். ஆனால் கேட்கலாம். 'ப்ளான் ஃப்ரீஸ் ஆனதும் பேஸ்லைன் எடுத்துருங்க, அப்புறம் கம்பேர் பண்ண ஈஸியா இருக்கும்' என்று கிக்-ஆஃப் மீட்டிங்கிலேயே சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை. பிரச்னை வெடித்த பிறகு கேட்டால் அது சண்டை மாதிரி ஆகிவிடும்.

கேன்ட்டின் எழுத்துகளை நீங்களே திரும்பக் கொண்டுவரவும் முடியும். ஒவ்வொரு டாஸ்க்கிலும் நோட்ஸ் அல்லது கமென்ட் பகுதி இருக்கிறது. தாமதம் தொடங்கிய அன்றைக்கே ஒரு வரி: 'டெஸ்ட் அக்சஸ் வரவில்லை, மெயில் போட்டாச்சு, பேக்எண்ட் காத்திருக்கிறது.' கமென்ட்டில் எழுதினால் தேதி தானாக விழும். ஜிராவில் இருந்தால் 'இந்த வேலை அதனால் தடைபட்டிருக்கிறது' என்று இரண்டு டிக்கெட்டுகளை இணைத்துவிடலாம். சாட்டில் சொன்னது மூன்று நாளில் மேலே போய்விடும், டாஸ்க்கில் எழுதியது அங்கேயே இருக்கும். '90 பர்சன்ட் முடிஞ்சுது' என்று போடுவதைவிட 'இரண்டு ஸ்க்ரீன் முடிந்தது, ஒன்று பாக்கி' என்று எழுதுவது எல்லோருக்கும் நல்லது. அந்தத் தொண்ணூறு எத்தனை வாரம் தொண்ணூறாகவே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஏஐ போட்ட திட்டம் டீமுக்கு வந்தால், உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் நாட்களை மட்டுமாவது ஒரு முறை பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கே எண்ணை மாற்றச் சொல்லுங்கள். பேஸ்லைன் எடுத்த பிறகு மாற்றினால் அது தாமதக் கணக்கில் ஏறும்.

தனியாகவோ சின்ன டீமாகவோ வேலை செய்பவர்கள் இதற்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை. கேன்ட்ப்ராஜெக்ட் என்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் க்ரிட்டிக்கல் பாத், பேஸ்லைன் இரண்டும் உண்டு. பார்க்கப் பழைய காலத்து முகம்தான், வேலை நடக்கும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும், லைசென்ஸ் இல்லை என்றால் ப்ராஜெக்ட்லிப்ரே இருக்கிறது. அதுவும் ஓப்பன் சோர்ஸ். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ப்ராஜெக்ட்ஸ் செயலியிலும் கட்டணத் திட்டங்களில் இந்த இரண்டு வசதிகளும் உண்டு.

கடைசியாக, உங்கள் நிறுவனம் ப்ராஜெக்ட் ஆன்லைனில் இருந்தால். செப்டம்பர் 30-க்குள் எல்லாத் திட்டங்களும் வேறு இடத்துக்கு மாற வேண்டும். ப்ளானருக்கோ, சர்வர் பதிப்புக்கோ, வேறு கம்பெனியின் மென்பொருளுக்கோ போகலாம். இப்படி மாறும்போது நடக்கக்கூடிய விபத்து, இன்றைய தேதிகளை மட்டும் எக்செல்லில் இறக்கி, அதைப் புதிய இடத்தில் ஏற்றுவது. வேலை பெயர் இருக்கும், தொடக்கத் தேதி இருக்கும், முடிவுத் தேதி இருக்கும். பேஸ்லைன் தேதிகள், நோட்ஸில் எழுதிய காரணங்கள், பழைய ப்ராஜெக்ட்கள் நிஜத்தில் எடுத்த நாட்கள் வராமல் போகலாம். மாற்றும் வேலையில் உங்கள் டீம் இருந்தால், இறக்கும் ஷீட்டில் 'பேஸ்லைன் ஸ்டார்ட்', 'பேஸ்லைன் ஃபினிஷ்', 'ஆக்சுவல் ஸ்டார்ட்', 'ஆக்சுவல் ஃபினிஷ்', 'நோட்ஸ்' ஆகிய ஐந்து காலம்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முடிந்துபோன ப்ராஜெக்ட்களையும் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். சேவை நின்ற பிறகு அவற்றைத் திரும்பப் போய் எடுக்க முடியாது.